மேசையில பறந்த பிளேன்

கேக்குதே அந்தச் சத்தம்? அது மேல இல்லைத் தம்பி, மேசையில. எழும்புங்கோ. தலையைக் கைக்குள்ளால எடுங்கோ. பொறுங்கோ, நிப்பாட்டிறன்... இப்ப பாருங்கோ, நிண்டிட்டுது. கிபிர்ப் பிளேனைச் சுவிச்சில நிப்பாட்டின முதல் மனிசன் நானாத்தான் இருப்பன். கையைத் தாங்கோ, ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ளால வெளிய வாங்கோ. கான் காய்ஞ்சு கிடந்தது உங்கட நல்ல காலம். அச்சச்சோ, முழங்கை உரஞ்சிப்போச்சு. உள்ள வாங்கோ, வாளியில தண்ணி கிடக்கு, கழுவுவம்.

சிவனேஸ்வரியக்கா! அக்கோய்! பங்கருக்குள்ளால வாங்கோ, ஒண்டும் வரேல்லை! நான் ஸ்ரீபன்தான்! ஓமக்கா. ஓம், விசர்தான். ஓம், அதுவும்தான். இல்லையக்கா, இனிமேல் இல்லை, மாதாவாணை.

கேட்டனீங்கள்தானே? முன்வீட்டு அக்கா. குண்டு விழுந்திருந்தாக்கூட இவ்வளவு கோவம் வந்திராது. சோத்துப் பானையை அடுப்பில விட்டிட்டு ஓடினவா, அடிப்பிடிச்ச மணம் இஞ்ச மட்டும் வருது. இண்டைக்கு முழுக்க மல்லாவியில என்ர பேர்தான்.

இவ்வளவு சத்தம் எங்கயிருந்தோ? அண்ணாந்து பாருங்கோ, கூரை வளையில கட்டித் தொங்குதே புனல் மாதிரி. மாதா கோயில்ர லவுட்ஸ்பீக்கர். பெரிய வெள்ளிக்கு முன்னம் திருத்தித் தரச்சொல்லி பாதர் அனுப்பினவர். காலமை அதைச் சோதிக்கிறதுக்கு கொம்பியூட்டரில இருந்து ஒரு வயர் குடுத்தனான். கழட்ட மறந்துபோனன். மற்றும்படி இந்தச் சத்தம் ஒரு நுளம்பு காதில இரையிற அளவிலதான் கேக்கும். மறதிக்காரன் கையில லவுட்ஸ்பீக்கரைக் குடுத்தா இதுதான் நடக்கும். பூசைக்கு மணியடிச்சா அசையாத சனம், ஒரு செக்கனில பங்கருக்குள்ள.

ஆனா ஒண்டு தம்பி, நீங்கள் நிண்டு அண்ணாந்து பாக்கேல்லை. யோசிக்காமல் விழுந்து படுத்தனீங்கள். ஆர் பழக்கினது? அம்மாவோ. நல்ல அம்மா.

பொறுங்கோ, உங்களை எங்கயோ கண்டிருக்கிறன். நிவாரண ஒபிஸில இருக்கிற பிரசாந்தன் தம்பியெல்லே? உருத்திரபுரத்து ஆக்கள்? பிடிச்சிட்டன். ஐயோ... ஓம். நீங்கள் பாக்கிறது சரி. அந்த மேசையில இருக்கிறது உங்கட ஒபிஸ் கொம்பியூட்டர்தான். ஓம், வேலை செய்யுது. வேலை செய்யுறது மட்டுமில்லை, பறக்குது.

இருங்கோ, அந்தக் கதிரையில இருங்கோ. கத்தாதையுங்கோ தம்பி, அக்கா இப்பதான் வெளிய வந்தவா.

உண்மையைச் சொல்லிவிடுறன். நீங்கள் இதை அனுப்பி மூண்டு கிழமை. ரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கேக்க உலகத்துக் கொம்பியூட்டர் எல்லாத்துக்கும் ஒரு வருத்தம் வரும் எண்டு சொன்னாங்கள்தானே, அந்த வருத்தம்தான் உங்கடதுக்கும், கொழும்பில இருந்து சாமான் வரோணும் எண்டு உங்கட பெரியவருக்குத் துண்டு எழுதி விட்டனான். அவர் நம்பினவர். அவர்ர பிழையில்லை, நான் அப்பிடி எழுதுவன். உண்மையா என்ன நடந்ததெண்டா, பின்பக்கத்து பவர் பெட்டிக்குள்ள ஒரு பல்லி போய்க் கருகிக் கிடந்தது. பல்லியை எடுத்தன், பியூஸ் மாத்தினன். பத்து நிமிசம். வந்த அண்டைக்கே முடிஞ்சுது.

ஓம். மூண்டு கிழமையா அறுநூறு குடும்பத்தின்ர பேரை நீங்கள் கையால எழுதினனீங்கள். தெரியும். விரலில மை கிடக்கிறதைப் பாத்தனான். என்ன பேசினாலும் கேக்கிறன்.

ஆனா இந்தக் கேம் சீடி என்ரயில்லை. அதை மட்டும் சொல்லவேணும். மூடியைத் திறக்க உள்ளுக்கயே கிடந்தது, ஒபிஸ் கொம்பியூட்டருக்குள்ள, நிவாரணப் பட்டியலுக்குப் பக்கத்தில, சண்டைப் பிளேன் ஓட்டுற கேம். பெட்டி கொழும்பில இருந்து வந்ததுதானே, அங்க ஆரோ பெரிய ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குண்டு போட்டிருக்கிறார். நான் ஆர் பேரும் கேக்கேல்லை.

ஒரு உதவி, தம்பி. இதை ஏத்த உங்கட ஒபிஸ் பிக்கப் ரண்டு மணிக்குத்தானே வரும்? இப்ப பன்னிரண்டு சொச்சம். எனக்கு ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ. உந்தப் பிளேனை ஒரே ஒருக்கா ஒரு வீட்டுக்கு மேலால நேரா, ஆடாமல், குண்டு போட அவங்கள் வாற உயரத்தில கொண்டுபோய்க் குனிஞ்சு கீழ பாக்கோணும். அவ்வளவும்தான். மூண்டு கிழமையா ஏலேல்லை. பாத்து முடிய நானே கழட்டி, துடைச்சு, பிக்கப்பில ஏத்திவிடுறன். பிறகு ஒபிஸில போய் நீங்கள் என்னத்தைச் சொன்னாலும் சரி.

ஏனோ? சொல்லுறன். முதல் அந்த முழங்கைக்கு மஞ்சள் மருந்து பூசுவம். எரியும். எரிஞ்சா நல்லது.

சிரிக்கிறியள். சிரியுங்கோ, இந்தச் சாமானைப் பாத்துச் சிரிக்காத ஆளில்லை. இது மண்வெட்டிப் பிடி. தலை கழண்டுபோன மண்வெட்டி, வெட்டிச் சின்னனாக்கினனான். கேம் தொடங்கேக்க வாற படத்தில பைலற் ஒரு தடியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான். தட்டுறதெண்டா விசைப்பலகையாலயும் ஓட்டலாம், ஆனா அது கோழிக்கு நெல் போடுறமாதிரி, பிளேன் கொத்திக் கொத்திப் போகும். தடி வேணும். தடிக்கு எங்க போறது? ரோச் பற்றறியையே ஆமிக்காரர் வன்னிக்குள்ள வர விடுறாங்களில்லை, பிளேன் ஓட்டுற தடியை விடுவாங்களே.

கொம்பியூட்டருக்குப் பின்னால பதினைஞ்சு ஓட்டையோட ஒரு சொக்கற் ஒண்டுக்கும் உதவாமல் கிடந்தது. மீற்றரை வைச்சு ஓட்டை ஓட்டையாக் குத்திப் பாத்தன். யோசிச்சன்: தடியை ஆட்ட ஆட்ட ஏதோ ஒண்டு கூடிக் குறையோணும். கூடிக் குறையிற சாமான் எண்டா எனக்குத் தெரிஞ்சது றேடியோவின்ர வொலியூம்தான். தடியின்ர அடியில ரண்டு வொலியூமைப் பூட்டினன், ஒண்டு இடம் வலத்துக்கு, மற்றது மேல கீழுக்கு. வேலை செய்துது! அண்டைக்கு எனக்கு வந்த சந்தோசம், புளுகம் தம்பி, தனிய இருந்து கைதட்டினனான்.

புளுகம் ஒரு நிமிசம்தான். றேடியோ வொலியூம் எண்டது காதுக்கெண்டு செய்தது. தொடக்கத்தில மெல்ல மெல்லக் கூடும், கடைசியில ஒரேயடியாத் தூக்கும். பிளேனும் அப்பிடியே. இடப்பக்கம் முழங்கால் வருத்தக்காரர் மாதிரி ஆறுதலாச் சரியும், வலப்பக்கம் விரல் பட்டாக் கவிண்டு போகும். ஒரே சீராக் கூடுற சாதி வேணும், அது பழைய ரீவிக்குள்ள இருக்கும். கனகராயன்குளத்தில ஒருத்தரிட்ட உடைஞ்ச ரீவி கிடக்கெண்டு கேள்விப்பட்டு சைக்கிளில போனனான். போக ஒரு நாள், வர ஒரு நாள். மேசையில ஒரு பிளேன் நேராப் போறதுக்கு நான் ரோட்டில குழிக்குக் குழி வளைஞ்சு வளைஞ்சு போய் வந்தனான். அந்த மனிசன் என்னத்துக்கு எண்டு கேட்டார். றேடியோ திருத்த எண்டன். பிளேன் ஓட்ட எண்டு சொன்னா ஆர் வந்து விசாரிப்பினமோ தெரியாது. இந்தப் பக்கம் இயக்கம் கேட்டாலும் அந்தப் பக்கம் ஆமி கேட்டாலும் ரண்டு பேருக்கும் ஒரே மறுமொழிதான்: என்னை நம்பி உண்மையா ஒரு பிளேனைத் தந்தாலும் முதல் பனையில கொண்டுபோய்ச் சொருகுவன்.

இது? இது வள்ளத்து எஞ்சின்ர பிடி. முறுக்கினா வேகம். நாங்கள் கரையாக்கள் தம்பி, முல்லைத்தீவு. சண்டைக்குள்ள கரையை விட்டு எழும்பேக்க எஞ்சினை விட்டிட்டு வந்தன், பிடியை மட்டும் கழட்டிக்கொண்டு வந்தன். ஏன் எண்டு கேளாதையுங்கோ. ஆக்கள் காணி உறுதியைக் கொண்டுவந்தவை, நான் பிடியைக் கொண்டுவந்தனான்.

அதிலதான் எல்லாப் பிழையும். கடல்காரன்ர கை இருக்கே, அதுக்கு ஒரு புத்திதான். வெளி எஞ்சின் பூட்டின வள்ளத்தில பிடியை இடப்பக்கம் தள்ளினா வள்ளம் வலப்பக்கம் போகும். இருவது வருசம் அப்பிடித்தான் ஓட்டினனான். இந்தத் தடியைச் செய்யேக்கயும் என்னை அறியாமல் அப்பிடியே வயரைக் குடுத்திட்டன். முதல் நாள் எனக்குச் சுகமாத்தான் இருந்தது. பிறகு பாத்தா தரை மேலயும் வானம் கீழயும் கிடக்கு. கேமில எழுதிக் கிடந்ததை அகராதி வைச்சு வாசிச்சு, வயரை மாத்திக் குடுத்தன். இப்ப தடி சரி, கை பிழை. மலை வருதெண்டு இடப்பக்கம் திருப்புவன் எண்டு நினைக்க, கை வள்ளத்தை நினைக்கும், நேர மலைக்குள்ள. இந்த மூண்டு கிழமையில நான் விழுத்தினளவு பிளேன் ஒருத்தரும் விழுத்தேல்லை. எல்லாம் என்ர சொந்தப் பிளேன்.

மண்ணெண்ணெயோ? என்ர லாம்பு எண்ணெய்தான். அதைத்தான் ஜெனரேற்றருக்கு ஊத்துறனான். பொழுது பட்டா இருட்டுக்குள்ள இருக்கிறன். பழகிப்போச்சு. அதாலதான் ஈயம் ஒட்டுற அயனைக்கூட அந்தக் கரிச் சட்டியில வைச்சுச் சூடாக்கிறது. அந்தத் திறந்து கிடக்கிறதோ? அது சிவனேஸ்வரியக்காவின்ர றேடியோ, நீங்கள் வரேக்க அதைத்தான் திறந்து வைச்சிருந்தனான். திறந்து வைச்சிட்டு பிளேன் ஓட்டினனான், சரி.

எங்க படிச்சனானோ? ஒரு இடமும் படிக்கேல்லை. கடல் இல்லாமல் போனாப்பிறகு சும்மா இருக்க ஏலாமல், உடைஞ்ச றேடியோவைக் கழட்டிக் கழட்டிப் பழகினது. பத்தைக் கெடுத்து ஒண்டைத் திருத்தினன். ஆனா வாய் அப்பிடியில்லை, வாய் எல்லாம் படிச்சது மாதிரிக் கதைக்கும். எனக்கு அந்த வருத்தம் இருக்குத் தம்பி, தெரியாததையும் தெரிஞ்சமாதிரிச் சொல்லுறது. பிளேன் வந்தா ரோட்டில எல்லாரும் என்னட்டத்தான் வருவினம். முதல் சுத்து இடம் பாக்கிறது, ரண்டாம் சுத்து குண்டு போடக் கீழ பதியிறது, சத்தம் இப்பிடியெண்டா இந்தப் பிளேன், அப்பிடியெண்டா அந்தப் பிளேன் எண்டு விளக்குவன். பிளேனுக்குக் கிட்டப் போய் நிண்டு பாத்தவன் மாதிரி.

என்ர மனிசி புனிதம் மட்டும் ஒண்டையும் நம்பமாட்டா. உவர் மழை பெய்யுமெண்டா நான் மிளகாய் காயப்போடுவன் எண்டு ஆக்களுக்கு முன்னால சொல்லுவா. நான் மழை எண்டு சொன்ன அண்டைக்கெல்லாம் வெயிலடிச்சு மிளகாய் நல்லாக் காயும், அதை வேற எனக்குக் காட்டுவா, ஒரு சுளகில ஏந்திக்கொண்டு வந்து.

மருந்து காய்ஞ்சுதோ? அப்ப வாங்கோ. ஓம், நீங்களும்தான். உங்களை விட்டா ஆர். இஞ்ச இந்த வாங்கில எனக்குப் பக்கத்தில இருங்கோ. முதல் அந்த லவுட்ஸ்பீக்கர் வயரைக் கழட்டிறன், இன்னொருக்கா எண்டா அக்கா உலக்கையோட வருவா. சரி. உங்கட வலக்கையால எஞ்சின் பிடியைப் பிடியுங்கோ. இடக்கையை விசைப்பலகையில இந்தக் கட்டையில வையுங்கோ. நான் சொல்லேக்க அதை அமத்தினாப் பைலற்றின்ர தலை குனியும், நேர கீழ தெரியும். இதுதான் எனக்கு இவ்வளவு நாளும் ஏலாமல் போனது. ஒரு கை தடியில, ஒரு கை பிடியில, குனிஞ்சு பாக்கிறதுக்கு மூண்டாம் கை வேணும். மூக்கால அமத்திப் பாத்தனான். மூக்கு அமத்தினாக் கண் பாக்காது.

முறுக்குங்கோ. இன்னும். பயப்பிடாதையுங்கோ, பெற்றோல் ஒண்டும் முடியாது. ஓடுது... ஓடுது... இப்ப நான் தடியை இழுக்கிறன். எழும்பீற்றுது! பாத்தியளே, ரண்டு பேரெண்டா எழும்புது. கொஞ்சம் குறையுங்கோ. ஆறு தெரியுதே, வெள்ளிக்கம்பி மாதிரி? அதைப் பிடிச்சுக்கொண்டு போனா அந்தக் கரையில ஒரு ஊர் வரும். நாலு வீடு ஒரு பக்கம், தனிய ஒரு வீடு ஒரு பக்கம். அந்தத் தனி வீடுதான் எனக்கு வேணும். நான் இடப்பக்கம் திருப்பப்போறன், கை வள்ளத்தை நினைக்காமல் மாதாவை மண்டாடுங்கோ. திருப்பீற்றன். திரும்பீற்றுது. பாருங்கோ, நேராப் போகுது! மூண்டு கிழமையில இப்பதான் முதல் தரம். உங்களுக்கு நல்ல கை தம்பி, ஆடாத கை. பேர் எழுதுற கையெல்லே.

ரண்டாயிரம் அடி. இந்த உயரத்திலதான் பதிஞ்சு வாறவங்கள் எண்டு நினைக்கிறன். நினைக்கிறன் எண்டுதான் சொல்லுறன், தெரியும் எண்டு இப்ப சொல்லுறேல்லை. வருகுது வீடு. அமத்துங்கோ!

தெரியுதே? கூரை. முத்தம். வேலி. நல்லா நிக்குது. வடிவாப் பாருங்கோ, உங்கட கண் இளசு. முத்தத்தில ஆள் தெரியுதே? இல்லையோ? கொடி மாதிரி, உடுப்பு மாதிரி ஏதாவது? இல்லை. சரி, விடுங்கோ, இன்னொருக்காச் சுத்தி வருவம். கொஞ்சம் குறையுங்கோ வேகத்தை. ஆயிரம் அடிக்கு வாறன். ஐந்நூறு. இப்பிடி ஒருத்தனும் பதியமாட்டான், சுட்டு விழுத்திப்போடுவாங்கள், எண்டாலும் பாப்பம். அமத்துங்கோ. இப்ப?

வீட்டுக்குக் கதவு இல்லை. ஓம், நானும் இப்பதான் காணுறன். நாலு சுவருக்கு நிறம் பூசிவிட்டிருக்கிறாங்கள். மரம் கிடக்கு, வேலி கிடக்கு. மரமும் வேலியும்கூட நான் எல்லாத்தையும் முழுசாக் காட்டு எண்டு கேமுக்குச் சொன்னாப்பிறகு வந்தது. முதல் வெறும் பச்சைச் சதுரம்தான். ஆக்களை மட்டும் காணேல்லை. மெமறி காணாதாக்கும், மெமறி கூடப் போட்டா ஆக்கள் வருவினம் எண்டுகூட நினைச்சனான். சிரிக்காதையுங்கோ. இல்லை, சிரியுங்கோ.

கேம் செய்தவன் கீறாமல் விட்டவனோ, இல்லாட்டி மேல இருந்து பாத்தா இவ்வளவுதான் தெரியுமோ? அது உந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதைத்தான் பாக்கோணும் எண்டு நிண்டனான்.

அந்த வீட்டில ஆர் இருந்ததோ? இது ஆர்ர வீடோ, எந்த நாடோ, தம்பி. நாங்கள் ஜெயபுரத்தில இருக்கேக்க எங்கட கொட்டிலும் இப்பிடித்தான் தனிய, நாலு வீட்டுக்கு அங்கால. நான் றேடியோ எடுக்கக் குடுக்கத் திரியிறனான். தனிய இருக்கேக்க பிளேன் வந்தா என்ன செய்யிறதெண்டு புனிதம் கேட்டவா. நான் சொன்னன், ஓடாதை. ஓடுற ஆளைத்தான் அவன் பாப்பான். அவனிட்ட தூரக் கண்ணாடி இருக்கு, மேல இருந்து பொட்டுக்கூடத் தெரியும், பொம்பிளை எண்டு கண்டா விட்டிட்டுப் போவான், அசையாமல் நில் எண்டு. வாயில வந்ததைச் சொன்னன். பங்கர் கொட்டிலில இருந்து எட்டடி. நானே வெட்டின பங்கர்.

போன புரட்டாதி. பக்கத்து வளவு இளையதம்பியண்ணை பங்கருக்குள்ள இருந்து கூப்பிட்டவராம். அவா அவருக்குக் கையைக் காட்டிப்போட்டு, உடுப்புக் கொடியடியில அப்பிடியே நிண்டவாவாம். முகத்தை மேல நிமித்திக்கொண்டு. வடிவாத் தெரியட்டும் எண்டு.

நான் சொன்ன ஒண்டையும் நம்பாத மனிசி தம்பி. அதை மட்டும் நம்பிப்போட்டா.

பிடியை விட்டிட்டியள். பரவாயில்லை, அது விழட்டும். ஏன் அரை மணித்தியாலம் எண்டு கேட்டனீங்கள், அதுக்குத்தான் சொன்னனான்.

சரி. நிப்பாட்டுவம். சீடியை எடுத்து உறைக்குள்ள போட்டுவிடுறன், கொழும்புப் பெரியவர் தேடுவார். அந்த மொனிற்றரை நீங்கள் தூக்குங்கோ, முழங்கை நோகுமெண்டா வையுங்கோ, நான் தூக்கிறன். வயருகளைச் சுத்தி அந்தப் பைக்குள்ள வையுங்கோ. தடியையோ? அது உங்கட ஒபிஸ் சாமானில்லை, அது மண்வெட்டிப் பிடி, கிடக்கட்டும்.

பிக்கப் வர இன்னும் நேரம் கிடக்கு, இருங்கோ. அக்கா அந்தா படலையடியில வந்து நிக்கிறா. ஓமக்கா, உங்கட றேடியோ முடிஞ்சுது, பின்னேரச் செய்திக்கு முன்னம் தந்திடுவன். இன்னும் ரண்டு வயர்தான். அயன் வைச்ச கரி சாம்பல் பூத்துப்போச்சு, கொஞ்சம் தள்ளி இருங்கோ தம்பி, ஊதப்போறன், புகை அடிக்கும்.